பிரின்ஸ் வீதி, இலக்கம் 95

கொழும்பு புறக்கோட்டையில் பிரின்ஸ் வீதி என்று ஒன்று இருக்கிறது. வீதி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு பக்கமும் மொத்த வியாபாரக் கடைகள், நடுவில் லாரிகள், லாரிக்கும் கடைக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நாட்டாமிகள். (நம்ம சினிமா நாட்டாமை இல்லை. கொழும்பில் நாட்டாமி என்றால் சுமை தூக்கும் தொழிலாளி. ஒரே சொல், கடலைத் தாண்டியதும் திண்ணையிலிருந்து இறங்கி மூட்டைக்கு அடியில் போய்விட்டது.) பிளாஸ்டிக் வாளி, சீனத்துப் பொம்மை, பொதி கட்டும் டேப், செருப்பு என்று கண்ணில் படுவதெல்லாம் சரக்கு. இதற்கு நடுவில் திடீரென்று ஒரு வெள்ளைச் சுவர். தடித்த தூண்கள், உயரமான ஓட்டுக்கூரை, ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் கதவு. அதுதான் இலக்கம் 95. இப்போது டச்சுக் கால அருங்காட்சியகம்.

எனக்கு அந்த வீட்டைக் காட்டியவர் என் நண்பனின் அப்பா. யாழ்ப்பாணத்துக்காரர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று, "இது எங்கட பழைய கந்தோர், தம்பி" என்றார். அந்த வீடு கொஞ்ச காலம் புறக்கோட்டைத் தபாலகமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். கூடத்தின் ஒரு மூலையைக் காட்டி, "உதிலதான் என்ர மேசை. லாச்சியைத் திறந்தா முத்திரை, பசை, ஒரு கிழிஞ்ச கொப்பி" என்றார்.

கந்தோர், லாச்சி. இரண்டுமே டச்சுச் சொற்கள். கான்டோர் என்றால் அலுவலகம், லாட்ச்யே என்றால் மேசை இழுப்பறை. டச்சுக்காரர்கள் கட்டிய வீட்டில் நின்று அவர்களுடைய சொற்களால் அந்த வீட்டை எனக்குச் சுற்றிக்காட்டுகிறோம் என்று ஐயாவுக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு அது அம்மா பேசிய தமிழ். ஈழத்தில் பீன்ஸுக்குப் போஞ்சி, பத்திரம் எழுதுபவருக்கு நொத்தாரிசு. நாம் மட்டும் என்ன, துட்டு என்கிறோம், கக்கூஸ் என்கிறோம். ரெண்டும் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, வீட்டுக்குள் போவோம்.

ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒடுக்கமான முகப்பு, ஒன்றோடொன்று ஒட்டிய சுவர்கள், தெருவைப் பார்த்த முக்கோண முகடு, உச்சியில் சாமான் தூக்க ஒரு கொக்கி. கால்வாய் ஓரத்து நிலம் விலை அதிகம் என்பதால் வீடுகள் மேலேயும் பின்னாலேயும் நீண்டன. அந்த வீட்டை அப்படியே கொழும்பில் கட்டியிருந்தால் ஒரு பங்குனி மாதத்தில் உள்ளே இருப்பவர்கள் வெந்திருப்பார்கள். பிரின்ஸ் வீதி வீடு அந்தக் கால்வாய் வீட்டைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கிறது. முகப்பு அகலமாகிவிட்டது. முகட்டுக்குப் பதில் தெருவுக்கு இணையாக இறங்கும் கூரை, அதன் கீழ் தூண் வைத்த நீண்ட விறாந்தை. டச்சுக்காரர்கள் இதை ஸ்தூப் என்றார்கள், சிங்களத்தில் அது இஸ்தோப்புவ ஆனது. ஹாலந்தில் ஸ்தூப் என்பது வாசலில் இருக்கும் இரண்டு படிக்கட்டு. இங்கே வந்து அது வளர்ந்து முழு விறாந்தையானது. சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து புகைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர்களைப் பார்ப்பதற்கான இடம். கட்டடக்கலை புத்தகங்கள் இதை டச்சுக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். திண்ணை என்று ஒன்று அவர்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே இந்தக் கரைகளில் இருந்தது.

சுவர்கள் ஒரு முழத்துக்கும் மேல் தடிமன். கொழும்பின் டச்சுக் கட்டடங்களுக்குச் செங்கல்லோடு கபுக் என்கிற செம்புரைக்கல்லும் போகும். வெட்டும்போது மிருதுவாக இருந்து காற்றுப்பட்டால் இறுகுகிற கல். சாந்துக்குப் பவளப்பாறையைச் சுட்ட சுண்ணாம்பு. இரண்டு பருவமழையையும் வாங்க வேண்டிய ஊர் என்பதால் கூரை செங்குத்தாக இறங்குகிறது. மேலே அரைவட்ட நாட்டு ஓடுகள். உள்ளே கூடம், இருபுறமும் அறைகள், மரப்படி ஏறினால் பலகைத் தளம் போட்ட மேல்மாடி. கூடத்தைக் கடந்தால் பின் விறாந்தை, அதற்கு அப்பால் முற்றம், முற்றத்தில் கிணறு, முற்றத்தைச் சுற்றித் தூண் வரிசை. புறக்கோட்டைச் சத்தம் அந்த முற்றத்துக்குள் வருவதே இல்லை. தெருவில் முன்கதவும் முற்றத்தில் பின்கதவும் திறந்திருந்தால் காற்று வீட்டை நேராகக் கடந்து போகும். கடல் பக்கத்தில்தான். மின்விசிறி இல்லாத காலத்தில் இந்தத் திட்டம் எவ்வளவு நுட்பமானது என்று அங்கே பத்து நிமிஷம் நின்றால் உடம்புக்கே புரியும்.

மேல்மாடியில் நாற்காலிகள், அலமாரிகள், கட்டில்கள். டச்சுக் கால மரச்சாமான்களில் எனக்குப் பிடித்த கதை கருங்காலி நாற்காலிகளுடையது. 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் நம் தச்சர்கள் முறுக்குக் கால்களும் பூவேலையும் வைத்துக் கருங்காலியில் தாழ்வான நாற்காலிகள் செய்தார்கள். அவை கப்பலேறி ஐரோப்பா போயின. நூறு வருஷம் கழித்து ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயப் பிரபு, கறுத்துப்போய் பழசாக இருக்கிறதே என்று, இது எங்கள் டியூடர் அரசர் காலத்து நாற்காலி என முடிவு செய்து தன் மாளிகைக்காக வாங்கிக் குவித்தார். நாகப்பட்டினத்துப் பக்கத்துத் தச்சன் ஒருவனுடைய உளிவேலை இங்கிலாந்தில் தேசியப் பெருமையாக உட்கார்ந்திருந்தது.

நாகப்பட்டினம் என்று எழுதிவிட்டேன். அது என் ஊர்ப் பக்கம். இந்த வீட்டைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

இந்த வீடு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், தோமஸ் வான் ரே என்ற டச்சு ஆளுநரின் இருப்பிடமாக இருந்தது. அவர் ஆண்டது 1692 முதல் 1697 வரை. பதவி முடித்துப் போகும் ஆளுநர், அடுத்து வருபவருக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போவது கம்பெனியின் வழக்கம். வான் ரே 1697இல் ஹெரிட் த ஹேரேவுக்கு எழுதியது பின்னாளில் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. இந்த வகைக் குறிப்புகளைப் படித்தால் ஒரு தீவை எப்படிக் கணக்குப் புத்தகமாகப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளலாம். கறுவாப்பட்டை எவ்வளவு, யானை எத்தனை, அரிசி எங்கிருந்து, கண்டி ராஜாவிடம் எப்படி நடந்துகொள்வது. எல்லாவற்றுக்கும் கறுவாதான் மையம். மற்றதெல்லாம் கறுவாவைச் சுற்றி.

வான் ரேயின் ஆட்சிக் காலத்தில், 1694இல், கொழும்பில் ஒரு மக்கள் கணக்கு எடுக்கப்பட்டது. கோட்டையும் நகரமும் சேர்த்து வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அதில் பாதிக்கு மேல் அடிமைகள். இதை நான் முதல் தடவை படித்தபோது திரும்பப் போய் இன்னொரு தரம் படித்தேன். ஊருக்கு வெளியே எங்கோ தோட்டத்தில் வேலை செய்த அடிமைகள் இல்லை. தெருவில் எதிரே வருகிற இரண்டு பேரில் ஒருவர் இன்னொருவரின் சொத்து என்கிற அளவு. அந்த வீடுகள் அவ்வளவு பேரை வைத்துத்தான் ஓடின. கிணற்றிலிருந்து நீர் இறைக்க, சமைக்க, விசிற, பல்லக்குச் சுமக்க, குழந்தைக்குப் பால் கொடுக்க, எஜமானி சர்ச்சுக்குப் போகும்போது பின்னாலேயே குடை பிடித்துப் போக. முற்றத்தைச் சுற்றிய அந்த அழகான பின்கட்டுகளை இப்போது நாம் "காற்றோட்டம்" என்று ரசிக்கிறோம். இந்த மாதிரி வீடுகளில் சமையலறையும் களஞ்சியமும் அடிமைகள் படுக்கும் இடமும் அங்கேதான்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இந்தியப் பெருங்கடலின் அடிமை வியாபாரம் பற்றிச் சின்னப்பா அரசரத்தினம் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர், டச்சு ஆவணங்களுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்தவர். அவருக்குப் பின் மார்கஸ் விங்க் என்பவர் 2003இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் வருகிற ஒரு எண் எனக்கு மனப்பாடம். 1694க்கும் 1696க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குத் தனியார் கொண்டுவந்த அடிமைகள் 3,859 பேர். மூன்று வருஷம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு மூன்றரைப் பேர்.

தனியார் என்ற சொல்லைக் கவனியுங்கள். கம்பெனிக்குக் கோட்டை கட்டவும் வயல் உழவும் வாங்கிய அடிமைகள் தனிக்கணக்கு. இந்த 3,859 பேர் தனி ஆட்கள் தங்கள் வீட்டுக்கும் விற்பனைக்கும் வாங்கி வந்தவர்கள். அதே வருஷங்களில்தான் பிரின்ஸ் வீதி வீட்டில் ஆளுநர் குடியிருந்தார்.

அந்த வருஷங்களில் நம் கரையில் என்ன நடந்தது? 1690இலிருந்து 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே மராத்திய ராஜாராம். எட்டு வருஷ முற்றுகை என்றால் கோட்டைக்குள் இருப்பவர்களைப் பற்றித்தான் கதை சொல்வார்கள். இரண்டு படைகளும் தின்றது சுற்றுவட்டாரத்து நெல்லை என்பதை யாரும் பாட்டில் பாடுவதில்லை. நெல் போனால் பஞ்சம். பஞ்சம் வந்தால் பிள்ளையை விற்பது, பிறகு தன்னையே விற்பது. அதே 1690இல்தான் டச்சுக்காரர்கள் தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றியிருந்தார்கள். பசித்தவர்கள் கரைக்கு வந்தார்கள், கரையில் கப்பல் நின்றது.

இது முதல் தடவையும் இல்லை. 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த வருஷமே பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூரைச் சூறையாடின. 1659 முதல் 1661 வரை அந்த வட்டாரத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை என்கிறார் விங்க். பெரும்பகுதி இலங்கைக்கு, மிச்சம் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். இலங்கையின் தென்மேற்கில் தரிசாகக் கிடந்த வயல்களில் இவர்களை இறக்கி நெல் விளைவிக்கலாம் என்று கம்பெனிக்கு ஒரு திட்டமே இருந்தது. காவிரிப் படுகையின் விவசாயி, அவன் கையில் இருந்த தொழிலுக்காகவே வாங்கப்பட்டான். எங்கள் ஊரில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு டச்சு என்றால் அந்தக் கல்லறையும், வாஸ்கோடகாமாவுக்கு அப்புறம் வருகிற ஒரு பத்தியும். இந்தப் பத்தாயிரம் பேர் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அருங்காட்சியகத்திலும் டச்சுக் கல்லறைக் கற்கள் உண்டு. குடும்பச் சின்னம், பிறந்த தேதி, இறந்த தேதி, வகித்த பதவி எல்லாம் கல்லில் ஆழமாகச் செதுக்கியது. முந்நூறு வருஷ மழையிலும் படிக்க முடிகிறது. அடிமைகளுக்குக் கம்பெனி உலகம் பெயர் வைத்த விதம் வேறு. வாங்கியதும் பழைய பெயர் போய்விடும். ஜனுவாரி, ஏப்ரில், செப்டெம்பர் என்று மாதங்களின் பெயரே நிறையப் பேருக்கு. பைபிள் பெயர்களும் கிரேக்கக் கடவுள்களின் பெயர்களும் கூட உண்டு. பின்னால் ஊர்: வான் கொரமண்டெல், வான் மலபார், வான் பெங்காலன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வரை இந்தப் பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. "வான் கொரமண்டெல்" என்பதைத் தமிழில் "சோழமண்டலத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். ராஜராஜனுக்குப் பொருந்துகிற பட்டம் மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் நான் கொஞ்சம் ஆவேசமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒல்லாந்தரை மட்டும் சொல்லாதையுங்கோ தம்பி. தேசவழமையை எடுத்துப் பாருங்கோ" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டங்களை டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்ததுதான் தேசவழமை. சீதனம், அடமானம், பிள்ளை தத்தெடுப்பு என்று வருகிற பட்டியலில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. எந்தச் சாதியினர் யாருக்கு அடிமை, அடிமைக்குப் பிறக்கும் பிள்ளை யாருடையது, அடிமை இறந்தால் அவன் சேர்த்த பொருள் யாருக்கு. டச்சுக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை, கேட்டு எழுதிக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் நம் ஆட்கள். எழுதியதைச் சரிபார்த்து ஒப்புக்கொடுத்ததும் நம் முதலியார்கள்தான். அடிமைமுறை இலங்கையில் சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1844இல்.

அடிமைகளின் நினைவு கொழும்பில் ஒரு இடத்துப் பெயராக மட்டும் மிஞ்சியது. பேரை வாவிக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்த நிலத்தில்தான் கம்பெனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தப்பிக்காமல் இருக்க வாவியில் முதலை விட்டிருந்தார்கள் என்றும் ஒரு பேச்சு. ஆங்கிலேயர் அந்த இடத்தை அடிமைத்தீவு என்றே ஆங்கிலத்தில் எழுதினார்கள். தமிழில் அதன் பெயர் கொம்பனித்தெரு. சிங்களத்திலும் அதே பொருள்தான். ஆக, எஜமானின் மொழியில் அடிமையின் பெயரும், அடிமைகளின் மொழியில் எஜமானின் பெயரும் ஊருக்கு ஒட்டிக்கொண்டன. அண்மையில், ஆங்கிலத்திலும் கொம்பனித்தெரு என்கிற உள்ளூர்ப் பெயரையே எழுதுவது என்று அரசு முடிவெடுத்தது. அவமானமான பெயர் போகட்டும் என்பது காரணம். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

வீட்டின் கதைக்குத் திரும்புவோம், ஏனென்றால் அடுத்து வருவது எதிர்பாராதது. வான் ரேக்குப் பின் இங்கே செமினரி இயங்கியது என்று வீட்டின் வரலாறு சொல்கிறது. 1696இல் தொடங்கிய கொழும்பு செமினரி, உபதேசிமாரையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்க டச்சுத் திருச்சபை வைத்த கல்விக்கூடம். டச்சுப் பிள்ளைகளோடு தமிழ், சிங்களப் பிள்ளைகளும் படித்தார்கள். பாடத்தில் லத்தீனும் கிரேக்கமும். சிலரை நெதர்லாந்துக்கே அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அங்கிருந்து வெளியே வந்தவர்களில் ஒருவர் பிலிப்பு த மெல்லோ. 1723இல் கொழும்பில் பிறந்த தமிழர். டச்சுத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றினார், கத்தோலிக்கரோடு வாதம் செய்து 'சத்தியத்தின் செயம்' எழுதினார். 1759இல் கொழும்பில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு அவர் உழைப்பு. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்றில் அவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

ஒரே கொழும்பு, ஒரே நூற்றாண்டு. முன்கட்டில் ஒரு தமிழ்ப் பையன் கிரேக்க வினைச்சொல்லை மனப்பாடம் செய்கிறான், இதே தெருவில் ஏதோ ஒரு பின்கட்டில் செப்டெம்பர் என்று பெயர் மாற்றப்பட்ட இன்னொரு தமிழ்ப் பையன் பாத்திரம் கழுவுகிறான். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தால் மொழி புரிந்திருக்கும். நான் இதற்கு அர்த்தம் எதுவும் சொல்லப் போவதில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு கதை வேகமாக ஓடுகிறது. கொஞ்ச காலம் ஆஸ்பத்திரி. ஔகுஸ்ட் கார்ல் வான் ரன்சோ என்ற கவுண்ட் ஒருவர் குடியிருந்தார். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது, வீடும் போனது. தொண்டர் படையின் ஆயுதக் கிடங்கு, போலீஸ் பயிற்சிக் கூடம், பிறகு ஐயாவின் தபால் கந்தோர். ஒவ்வொருவரும் ஒரு சுவரை அடைத்திருப்பார்கள், ஒரு ஜன்னலை உடைத்திருப்பார்கள். வீடு என்பது போய் வெறும் இடம் ஆகிவிட்டது.

1971இல் பருவமழையில் தெற்குப் பக்கக் கட்டு இடிந்து விழுந்தது. "மழைக்காலமெண்டா தபால் மூட்டையளை இஞ்சால அஞ்சால இழுத்துக்கொண்டு திரிவம். ஒருநாள் உது அப்பிடியே இருந்திட்டுது" என்றார் ஐயா. தபாலகம் வேறு இடம் போனது. மிச்சத்தையும் இடித்துவிடலாம் என்ற நிலை வந்தது. புறக்கோட்டையில் ஒரு சதுர அடியின் விலை தெரிந்தால் இது ஆச்சரியமே இல்லை. 1973இல் பழங்கட்டடங்களில் அக்கறை உள்ளவர்கள் மனுப் போட்டு இடிப்பதைத் தடுத்தார்கள். 1977இல் ஒரு குழு அமைந்தது, நெதர்லாந்தில் படித்துத் திரும்பிய இலங்கையர்களின் சங்கமும் அதில் கைகொடுத்தது. வேலை 1981இல் முடிந்து, 1982இல் அருங்காட்சியகம் திறந்தது. கொழும்பில் மிஞ்சியிருக்கும் டச்சுக் கால நகர வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த மனு இல்லாவிட்டால் இன்று அங்கே நாலு மாடி வாளிக்கடை இருந்திருக்கும். காப்பாற்றியவர்களுக்கு நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன். இடித்திருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு முற்றம்கூட எனக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் 1982 என்ற வருஷத்தைப் பார்த்தவுடன் கொழும்புத் தமிழர் யாருக்கும் அடுத்த வருஷம் ஞாபகம் வராமல் போகாது. 1983 ஜூலை 25ஆம் தேதி புறக்கோட்டை எரிந்தது. தேடித் தேடி எரித்தது தமிழர் கடைகளை.

வெளியே வந்து குறுக்குத் தெரு ஒன்றில் நடந்தோம். ஐயா ஒரு கடைக்கு முன்னால் நின்றார். செருப்பு மொத்த வியாபாரம். அவருடைய பெரியப்பாவின் சுருட்டுக் கடை இருந்த இடம் அது. "மூண்டு நாள் கழிச்சு வந்து பாத்தன். இரும்புப் பெட்டி மட்டும் நிண்டது. லாச்சி எல்லாம் கரி" என்றார். கடைப் பையன் எங்களை வாடிக்கையாளர் என்று நினைத்து, தமிழில் என்ன சைஸ் வேணும் என்று கேட்டான். ஐயா குனிந்து ஒரு ஜோடி எடுத்துப் பார்த்துவிட்டு, டசின் கணக்கில்தான் கொடுப்பார்களாம் என்று திரும்ப வைத்தார்.